வேலை செய்கிற மருந்தே கேடும் செய்யும்
(குன்றத்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



என்னை இங்கு அழைத்த தோழர்கள் மூடநம்பிக்கையைப் பற்றி ஏதாவது பேசும்படி கேட்டுக் கொண்டார்கள். நான் மேடைப் பேச்சுக்குப் பழக்கப்பட்டவன் அல்ல. 30 வருஷ காலம் மருந்துக் கடையில் நின்று, டாக்டர் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்து ஜீவனம் செய்தவன். ஆகையால் எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே சில சங்கதிகளை எடுத்துச் சொல்லலாமென்று வந்திருக்கிறேன். நான் பேசப் போவது ஒரு சின்ன மாத்திரையைப் பற்றி. இந்தக் கூட்டத்திலுள்ள அநேகருடைய வீட்டில், அலமாரியிலோ, சாமி படத்துக்குப் பக்கத்திலோ அது இப்போது இருந்துகொண்டுதான் இருக்கும். அதை விழுங்குகிறவர்களில் பத்துப் பேருக்கு ஒருவராவது அது என்ன செய்கிறது, எதனுடன் சேரக் கூடாது என்று தெரிந்து விழுங்குகிறாரா என்பதுதான் என் கேள்வி.

நான் சொல்லுவதை நான் சொன்னேன் என்பதற்காக யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் டாக்டரிடம் கேட்டுச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். ஆனால் சரிபார்ப்பதற்கு முன் மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள். ஏன் இப்படிச் சொல்லுகிறேன் என்பது பேச்சின் நடுவில் விளங்கும்.

சாம்பலும் மருந்தும்

தோழர்களே! இந்தக் குன்றத்தூர் பெயர் பெற்ற ஊர். சேக்கிழார் பிறந்த ஊர். அவர் எழுதிய பெரிய புராணத்திலே வைத்தியம் நிறைய வருகிறது. திருநாவுக்கரசருக்குச் சூலை நோய் வந்தது, தமக்கை திருநீறு கொடுத்தார், தீர்ந்தது என்கிறது. பாண்டியனுக்கு வெப்பு நோய் வந்தது; சம்பந்தர் திருநீறு பூசினார்; தீர்ந்தது என்கிறது. அந்தக் கதையைப் பற்றி உங்களுடன் சண்டை போட நான் வரவில்லை. மருந்துக் கடைக்காரன் என்கிற முறையில் இரண்டொரு கேள்வி மாத்திரம் கேட்கிறேன்.

திருநீற்றுக்கு அளவு உண்டா? அதிகமானால் என்ன செய்யும்? ஈளைக்காரன் பூசலாமா, சர்க்கரை வியாதிக்காரன் பூசலாமா? வேறு மருந்து சாப்பிடுகிறவன் பூசினால் கெடுதி உண்டா? இந்தக் கேள்விகளை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. ஏனென்றால் உடம்புக்குள் எதையும் மாற்றாத பொருளால் கெடுதியும் வராது. உடம்புக்குள் போய் ஒரு காரியத்தை மாற்றக்கூடிய பொருள் எதுவோ, அதுவே இடம் தெரியாமல் கொடுத்தால் கெடுதலும் செய்யும். ஒரு மருந்துத் தாளில் "இவர்கள் சாப்பிடக் கூடாது, இதனுடன் சேர்க்கக் கூடாது" என்று நீளமாக எழுதியிருந்தால், அதைப் பார்த்துப் பயப்படுவது அறிவுடைமை ஆகாது. அது மெய்யாகவே வேலை செய்கிற மருந்து என்பதற்கு அந்தத் தாளே சாட்சி. அந்தத் தாளைப் படிக்காமல் விழுங்குகிறவன், மருந்தைப் பிரசாதமாக ஆக்கி விடுகிறான். கோவிலுக்குப் போகாமலிருந்தும் மூடநம்பிக்கைக்காரனாக இருக்கலாம் என்பதற்கு இது ஓர் உதாரணமாகும்.

பீட்டா பிளாக்கர் என்பது என்ன?

நான் சொல்லும் மாத்திரைக் கூட்டத்துக்கு பீட்டா பிளாக்கர் என்று பெயர். உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். அட்டினோலால், மெட்டோபுரோலால், பிசோபுரோலால், புரொப்பிரனோலால், நெபிவோலால், கார்விடிலால் என்று எழுதியிருக்கும். கடையில் விற்கும் கம்பெனிப் பெயர் எதுவாக இருந்தாலும், மருந்தின் சொந்தப் பெயர் "லால்" என்று முடிந்தால், அது அநேகமாக இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்து கொள்ளலாம்.

ரோட்டில் நடந்து போகும்போது ஒரு நாய் துரத்துகிறது. உடனே மார்பு படபடவென்று அடித்துக் கொள்ளுகிறது. மூத்திரக் காய்க்கு மேலே தொப்பி போலிருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலின் என்ற நீர் ரத்தத்தில் கலந்து, இருதயத்தைப் போய்த் தட்டுவதால் அப்படி ஆகிறது. எல்லா உறுப்பையும் அது ஒரே விதமாகத் தட்டுவதில்லை என்றும், அது போய்ச் சேரும் பூட்டுகள் இரண்டு வகை என்றும் 1948-ல் அமெரிக்காவில் ஆல்குவிஸ்ட் என்ற ஆராய்ச்சிக்காரர் எழுதினார். கிரேக்க எழுத்தை வைத்து ஒன்றுக்கு ஆல்பா, மற்றொன்றுக்கு பீட்டா என்று பெயரிட்டார். அப்போது அதை அவ்வளவாக யாரும் மதிக்கவில்லை.

மதித்தவர் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். இவர் 1947 முதல் 1950 வரை நம்மவர்கள் பிழைக்கப் போன சிங்கப்பூரிலே வைத்தியக் கல்லூரியில் வாத்தியாராக இருந்தவர். மார்வலிக்காரனின் இருதயத்துக்கு அதிக ரத்தம் கொடுக்கத்தான் எல்லாரும் அப்போது வழி தேடினார்கள். இவரோ, "இருதயத்தின் வேலையைக் குறைத்துக் கொடுத்தால், இருக்கிற ரத்தமே போதாதா?" என்று யோசித்தார். பூட்டில் நுழையும், ஆனால் திறக்காது என்கிற மாதிரி ஒரு சாவியைச் செய்தார். அது பூட்டை அடைத்துக் கொண்டால் அட்ரினலின் வந்து தட்டினாலும் இருதயம் துள்ளாது. அப்படி 1960-களில் வந்ததுதான் புரொப்பிரனோலால். 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைக்கு இந்தக் கூட்டத்து மாத்திரைகள் ரத்தக் கொதிப்புக்கும், மார்வலிக்கும், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கும், இருதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்களுக்கும், இருதயம் பலவீனப்பட்டவர்களுக்கும், ஒற்றைத் தலைவலி, கை நடுக்கம், தைராய்டுப் படபடப்பு முதலியவைகளுக்கும் கொடுக்கப்படுகின்றன.

திடீரென்று நிறுத்துவது

முதலாவது ஆபத்து எதுவென்றால், மருந்தை விழுங்குவதைவிட அதைத் திடீரென்று நிறுத்துவதுதான்.

எங்கள் உறவில் ஒரு பெரியம்மா. இந்தப் பக்கத்துக்காரர்தான். மார்வலிக்காக 5 வருஷமாக அட்டினோலால் சாப்பிட்டு வந்தார். அய்ப்பசியில் கந்த சஷ்டி வந்தது. 6 நாள் விரதம் என்று உட்கார்ந்தார். "விரதத்தில் மாத்திரை சாப்பிட்டால் விரதம் முறிந்துவிடும்" என்று யாரோ ஒரு புத்திசாலி சொன்னாராம். அம்மாள் நிறுத்திவிட்டார். நாலாம் நாள் மலைப்படியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சுற்றி நின்றவர்கள் "முருகன் சோதிக்கிறான்" என்று சொல்லி விசிறிக் கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இருதயத்தில் ஒரு பங்கு செத்துவிட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு ஒரு குடம் தண்ணீர் தூக்க அவரால் முடியவில்லை.

முருகன் சோதித்தாரா என்று நான் சொல்ல முடியாது. நடந்த காரியம் இது: பூட்டை அடைத்துக் கொண்டு மருந்து வருஷக் கணக்காக இருந்தால், உடம்பு என்ன செய்கிறது தெரியுமா? "தட்டினால் கேட்கவில்லையே" என்று மேலும் பல பூட்டுகளை உண்டாக்கிக் கொள்ளுகிறது. மருந்தை ஒரே நாளில் நிறுத்தினால், பழைய பூட்டும் புதிய பூட்டும் சேர்ந்து திறந்து விடுகின்றன. முன்னிருந்ததைவிட அதிகமாக இருதயம் துடிக்கிறது. மார்வலி முற்றுகிறது, மாரடைப்பும் வரலாம். ஆகவே நிறுத்த வேண்டுமானால், டாக்டரே ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

விரதம் மாத்திரம் இதற்குக் காரணமில்லை. "ரத்தக் கொதிப்பு இறங்கிவிட்டதே, இனி எதற்கு?" என்று நிறுத்துகிறவர்கள் ஒரு பக்கம். கையில் காசில்லை என்று நிறுத்துகிறவர்கள் ஒரு பக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் காசு குறைந்தால் முதலில் நிற்பது புருஷன் மாத்திரையல்ல, பெண்ஜாதியின் மாத்திரைதான். தாய்மார்களே! உங்கள் இருதயமும் அதே சதையால்தான் ஆனது. 2021-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி தமிழ்நாட்டு அரசாங்கம் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தை ஆரம்பித்து, ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்தது. அந்த ஊழியர் வரும்போது வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிட வேண்டும். இரண்டு வேளைக்குச் சேர்த்து இரண்டாக விழுங்கக் கூடாது.

எந்த நோய்க்காரர் எச்சரிக்கையாயிருக்க வேண்டும்?

இதே பீட்டா பூட்டுகள் இருதயத்தில் மாத்திரம் இல்லை. மூச்சுக் குழாயிலும் இருக்கின்றன. அங்கே அவை திறந்தால்தான் குழாய் விரியும். புரொப்பிரனோலால் போன்றவை இரண்டு இடத்தையும் அடைத்துவிடும். ஆஸ்துமாக்காரருக்கு அதைக் கொடுத்தால் மூச்சுத் திணறும். இழுப்புக்கு உறிஞ்சும் சால்புட்டமால் மருந்தும் அப்போது சரியாகப் பிடிக்காது. அட்டினோலால், மெட்டோபுரோலால், பிசோபுரோலால் முதலியவை பெரும்பாலும் இருதயத்துப் பூட்டையே தேடிப் போகும். ஆனாலும் அளவு கூடினால் அந்தப் பேதம் குறைந்துவிடும். ஆகவே சிறுவயதில் இழுப்பு இருந்திருந்தால்கூட டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கண்ணில் விடும் சொட்டு மருந்திலும் இது உண்டு. கண் நீர் அழுத்த நோய்க்கு டைமோலால் என்ற சொட்டு கொடுக்கிறார்கள். கண்ணிலிருந்து மூக்குக்குள் இறங்கி அது ரத்தத்தில் சேருகிறது. ஆஸ்துமாக்காரருக்கு இரண்டு சொட்டே இழுப்பைக் கிளப்பிவிடும். "கண்ணுக்கு மருந்து விட்ட பிறகு நெஞ்சடைக்கிறது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று மந்திரிக்கப் போனவர் ஒருவரை நான் அறிவேன். செய்வினைதான்! ஆனால் செய்தவர், ஆஸ்துமா உண்டா என்று கேட்காதவரும், உண்டு என்று சொல்லாதவரும்.

அடுத்தது சர்க்கரை வியாதி. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக் கொண்டு, சாப்பாடு தாமதமானால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். அப்போது படபடப்பு, கை நடுக்கம், வேர்வை, பசி எல்லாம் உண்டாகும். இவை உடம்பு அடிக்கும் அபாய மணி. பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மணியில் படபடப்பும் நடுக்கமும் அடங்கிப் போகும். வேர்வை மாத்திரம் நிற்காது. ஆகையால் இவர்கள் வேர்வையையே அடையாளமாக வைத்துக் கொள்ள வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் பட்டினியோடு நிற்கும் ஒரு சர்க்கரை வியாதிக்காரம்மாள், உடம்பெல்லாம் வேர்த்து, கண் சொருகி, சம்பந்தமில்லாமல் பேசினால், "அம்மன் வந்து இறங்கிவிட்டாள்" என்று வேப்பிலை எடுக்காதீர்கள். நினைவு இருந்து விழுங்க முடியுமானால் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். விழுங்க முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குக் கூப்பிடுங்கள். இறங்கியது அம்மனல்ல, சர்க்கரை.

இவையன்றி, இருதயத் துடிப்பு ஏற்கெனவே மிக மெதுவாக இருப்பவர், இருதயத்துக்குள் மின்சாரம் ஓடும் பாதையில் தடை உள்ளவர், கால் ரத்தக் குழாய் அடைத்து நடந்தால் கெண்டைக்கால் வலிப்பவர் ஆகியோர் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். அட்டினோலால் மூத்திரக் காய் வழியாக வெளியேறுவது. அது கெட்டவருக்கு மருந்து உடம்பில் தேங்கும். மெட்டோபுரோலாலும் புரொப்பிரனோலாலும் ஈரலில் கரைபவை. ஈரல் கெட்டவருக்கு அவை தேங்கும். தைராய்டு அதிகமானவருக்கு இது படபடப்பை மறைத்துவிடும். திடீரென நிறுத்தினால் நோய் சீறி எழும்பும். கர்ப்பமாக இருக்கிற பெண்கள் அட்டினோலால் சாப்பிட்டால் குழந்தையின் வளர்ச்சி குன்றக்கூடும்; ஆகவே கர்ப்பம் என்று தெரிந்தவுடன், தாங்களாக நிறுத்தாமல், டாக்டரிடம் போய் மாற்றிக் கொள்ள வேண்டும். தேனீ, குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினாலும், பாம்புக் கடிக்கு விஷ முறிவு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனாலும் கொடுக்கும் முதல் மருந்து அட்ரினலின்தான். பூட்டு அடைபட்டிருந்தால் அது எளிதில் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் நுழையும்போதே "நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறவன்" என்று சொன்னால், டாக்டர் அதற்குத் தகுந்தபடி தயாராக இருப்பார்.

எந்த மருந்தோடு சேரக் கூடாது?

இங்கே என் சொந்தக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு அம்மாள் மாதா மாதம் என்னிடம் ரத்தக் கொதிப்புக்கு மெட்டோபுரோலால் வாங்குவார். ஒரு நாள் முழங்கால் வலி என்றார். டைகுளோபினாக் மாத்திரை கொடுத்தேன். நன்றாயிருக்கிறது என்று வாராவாரம் வந்து வாங்கினார். நானும் சீட்டுக் கேட்காமல் கொடுத்தேன். மூன்று மாதத்தில் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்தார். பிறகும் அடங்கவில்லை, மூன்றாவதும் சேர்ந்தது. முழங்கால் மாத்திரை விஷயம் டாக்டருக்குத் தெரியாது. அம்மாள் அதை மருந்தாகவே நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்தும் நான் யோசிக்கவில்லை. டைகுளோபினாக், ஐபுபுரோபென் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, ரத்தக் கொதிப்பு மருந்தின் பலனைக் குறைத்துவிடும். ஒரு நாள் அந்த அம்மாள் வீங்கின காலோடு கடை வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. வலி மாத்திரையை டாக்டர் நிறுத்தியபின் பழைய ஒரு மாத்திரையே போதுமானதாயிற்று. அந்த மூன்று மாதப் பணமும் உபத்திரவமும் என் கணக்கில்தான் சேரும்.

மற்றவைகளையும் சொல்லுகிறேன். வெராபமில், டில்டியாசெம் என்று இரண்டு இருதய மருந்துகள் உண்டு. அவையும் துடிப்பைக் குறைப்பவை. இரண்டும் சேர்ந்தால் துடிப்பு அபாயமான அளவுக்குக் குறையலாம். டிஜாக்சினோடும் அப்படியே. குளோனிடின் என்ற ரத்தக் கொதிப்பு மருந்தைப் பீட்டா பிளாக்கரோடு சாப்பிடுகிறவர் குளோனிடினைத் திடீரென நிறுத்தினால் ரத்தக் கொதிப்பு வானளாவ ஏறும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புளுவாக்சிடின், பராக்சிடின் இரண்டும், ஈரல் மெட்டோபுரோலாலைக் கரைக்கிற வழியை அடைத்து, ரத்தத்தில் அதன் அளவைக் கூட்டிவிடும். மூக்கடைப்புக்கு விற்கும் சளி மாத்திரைகளில் உள்ள பினைல்எப்ரின் போன்றவை ரத்தக் கொதிப்பை ஏற்றக் கூடியவை. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம் கலந்த வெள்ளை மருந்தும், எலும்புக்குச் சாப்பிடும் கால்சியம் மாத்திரையும், அட்டினோலால் உடம்பில் சேருவதைக் குறைக்கும். ஆகையால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

இதில் ஓர் அதிசயம் கேளுங்கள். ஜேம்ஸ் பிளாக் பிற்காலத்தில் வயிற்றுப் புண்ணுக்குச் சிமெடிடின் என்ற மருந்து வருவதற்கும் காரணமாயிருந்தார். அந்தச் சிமெடிடின், அவருடைய முந்திய மருந்தாகிய புரொப்பிரனோலாலை ஈரல் கரைக்கவிடாமல் தடுத்து, அதன் அளவை ரத்தத்தில் கூட்டுகிறது. ஒரே மனிதர் தந்த இரண்டு மருந்து, ஒன்றோடொன்று ஒத்துக்கொள்ளவில்லை! இதை யாரும் மூடி மறைக்கவில்லை. சோதித்துப் பார்த்து, பகிரங்கமாக எழுதி, உலகத்துக்கு எச்சரிக்கை செய்தார்கள். ஒரு ரிஷி எழுதியதை இன்னொருவன் சோதித்தால் நம் நாட்டில் அதற்கு நாஸ்திகம் என்று பெயர். அங்கே அதற்கு விஞ்ஞானம் என்று பெயர்.

நாட்டு மருந்தும் சாப்பாடும்

"இங்கிலீஷ் மருந்துதான் கெடுதி, நாட்டு மருந்து ஒன்றும் செய்யாது" என்று சொல்லுகிறார்கள். ஒன்றும் செய்யாதது என்றால் அதை ஏன் சாப்பிடுகிறீர்கள்? ஏதாவது செய்யும் என்றால் கெடுதியும் செய்யும் என்பதை ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறீர்கள்?

சர்ப்பகந்தா வேர் நம் நாட்டுச் சரக்கு. அது ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் சோதித்து, 1949-ல் இங்கிலாந்தின் இருதய வைத்தியப் பத்திரிகையில் எழுதியபோது உலகமே ஏற்றுக் கொண்டது. நாட்டு மருந்தென்று யாரும் தள்ளவில்லை. ஆனால் அந்த வேரைப் பீட்டா பிளாக்கரோடு சேர்த்தால் துடிப்பும் ரத்த அழுத்தமும் அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும். இருமலுக்குச் சுவைக்கும் அதிமதுரத்தை நாள்தோறும் அதிகமாகச் சாப்பிட்டால், உடம்பில் உப்பு நீர் தேங்கி ரத்தக் கொதிப்பு ஏறும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள காரச் சத்தைப் புரொப்பிரனோலாலோடு கொடுத்து ஜம்முவில் ஆராய்ச்சி செய்து 1991-ல் வெளியிட்டார்கள். மருந்து சீக்கிரமாகவும் அதிகமாகவும் ரத்தத்தில் சேருவதாகத் தெரிந்தது. அதற்காக மிளகு ரசத்தை விட்டுவிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. வழக்கமான சாப்பாட்டோடு சேர்த்துத்தான் டாக்டர் உங்களுக்கு அளவு பார்க்கிறார். புதிதாகத் திரிகடுகச் சூரணமோ, லேகியமோ ஆரம்பித்தால் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள் என்றுதான் கேட்டுக் கொள்ளுகிறேன்.

பழம் நல்லதுதான். ஆனால் ஆரஞ்சு ரசத்தோடும் ஆப்பிள் ரசத்தோடும் அட்டினோலாலை விழுங்கினால், அது குடலிலிருந்து உடம்பில் சேருவது குறைந்துவிடுகிறது. வெறும் தண்ணீரே போதும். கார்விடிலாலைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். புருஷன், பிள்ளை, மாமனார் எல்லாரும் சாப்பிட்ட பிறகு பதினொரு மணிக்கு மீதியைச் சாப்பிடுகிற பெண், காலையில் வெறும் வயிற்றில் அதை விழுங்கிவிட்டுக் கிணற்றடியில் விழுந்தால், அது மருந்தின் குற்றமா, அவளைக் கடைசியில் சாப்பிட வைத்த வீட்டின் குற்றமா என்று யோசித்துப் பாருங்கள். மெட்டோபுரோலாலையும் புரொப்பிரனோலாலையும் ஒரு நாள் சாப்பிட்டபின், ஒரு நாள் சாப்பிடுமுன் என்றில்லாமல் தினமும் ஒரே விதமாகச் சாப்பிட வேண்டும். டாஸ்மாக் சரக்கோடு இந்த மாத்திரை சேர்ந்தால் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கலாம். பீடியும் சிகரெட்டும் புரொப்பிரனோலாலைச் சீக்கிரமாகக் கரைத்து, பலனைக் குறைத்துவிடும். காசு கொடுத்து மருந்து வாங்கி, காசு கொடுத்து அதைப் புகையாக விடுகிறோம்!

மாறுவது இழிவல்ல

சாஸ்திரக்காரர்கள் "எங்கள் சாஸ்திரம் மாறவே மாறாது" என்று பெருமை பேசுவார்கள். இந்த மருந்தின் கதையைப் பாருங்கள். இருதயம் பலவீனப்பட்டவனுக்கு இதைக் கொடுப்பது பெரும் தவறு என்றுதான் முன்பு பாடம் சொல்லி வந்தார்கள். 1975-ல் சுவீடன் தேசத்து டாக்டர்கள் சிலர் சிறு அளவில் கொடுத்துப் பார்த்து, நன்மை இருக்கிறதென்று எழுதினார்கள். பலர் நம்பவில்லை. ஆயிரக்கணக்கானவரை வைத்துச் சோதித்து 1999-ல் இரண்டு பெரிய ஆராய்ச்சிகள் வெளிவந்தன. மருந்து சாப்பிட்டவர்களில் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பாடம் மாறிற்று. ஆனால் மூச்சு முட்டி, கால் வீங்கிக் கிடக்கும் நிலையில் புதிதாக ஆரம்பிப்பதில்லை. அது தணிந்த பிறகு மிகச் சிறு அளவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுகிறார்கள்.

மற்றொரு புறம், வெறும் ரத்தக் கொதிப்புக்கு அட்டினோலாலைத்தான் முதலில் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். 2002-ல் வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில், லோசார்டான் என்ற மருந்து பக்கவாதத்தை இதைவிட நன்றாகத் தடுக்கிறதென்று கண்டார்கள். 2006-ல் இங்கிலாந்தில் அட்டினோலால் வகையை முதல் வரிசையிலிருந்து எடுத்தார்கள். கூடாதென்ற இடத்தில் நன்மை இருந்தது. சிறந்ததென்ற இடத்தில் வேறொன்று மேலாக இருந்தது. கண்டவுடன் மாற்றிக் கொண்டார்கள். அதனாலேயே அவர்கள் சொல்லுவதை நாம் கேட்கலாம் என்கிறேன்.

செய்ய வேண்டியது என்ன?

ஒரு குறையும் சொல்ல வேண்டும். இந்த எச்சரிக்கையெல்லாம் மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாளில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், இங்கிலீஷில் இருக்கிறது. அநேக சமயம் அந்தத் தாளும் இருப்பதில்லை; 10 மாத்திரையைக் கத்தரித்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அந்தக் காலத்தில் நமக்குப் புரியாத பாஷையில் மந்திரம் சொன்னார்கள். நாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். இன்றைக்கு நமக்குப் புரியாத பாஷையில் மருந்துத்தாள் வருகிறது. நாம் வாயைத் திறந்து விழுங்குகிறோம். நம் உடம்புக்குள் போவதைப் பற்றி நம் பாஷையில் எழுதிக் கொடு என்று கேட்பது நம் உரிமையல்லவா? பள்ளிக்கூடம் போன பிள்ளை ஒவ்வொன்றும் தன் பாட்டியின் மாத்திரைப் பெயரைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்கட்டுமே!

அந்த அட்டையில் எல்லாவற்றையும் எழுதுங்கள். மாத்திரை, கண்சொட்டு, லேகியம், சூரணம், வலி மாத்திரை, சளி மாத்திரை ஒன்றையும் விடாதீர்கள். ஆஸ்துமா, சர்க்கரை வியாதி, மூத்திரக்காய்க் கோளாறு இருந்தால் அதையும் எழுதுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், மருந்துக் கடைக்குப் போனாலும் காட்டுங்கள். நாடி பிடித்து ஒரு நிமிஷம் எண்ணக் கற்றுக் கொள்ளுங்கள். அதற்கு ஜோசியன் வேண்டாம், கடிகாரம் போதும். 50-க்குக் கீழே இறங்கினாலும், மயக்கம், மூச்சுத் திணறல், கால் வீக்கம் கண்டாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். மார்வலி என்றால் 108. விரதம் இருப்பதும் இல்லாததும் உங்கள் இஷ்டம். மாத்திரைக்கு விரதம் வைக்காதீர்கள். சர்க்கரை மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீர்கள்.

டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபிப்பார் என்று பயப்படுகிறீர்கள். "இது எதற்கு? எப்போது சாப்பிடுவது? எதோடு சேரக் கூடாது?" என்ற மூன்று கேள்வியைப் பணிவாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் சந்தோஷத்தோடு பதில் சொல்லுவார். கேட்பதற்குப் பதில் இல்லாதவன்தான் கேட்கிறவனைக் கண்டால் கோபிப்பான். அவன் எந்த வேஷத்தில் இருந்தாலும் சரி.

எங்கள் பெரியம்மாவிடம் யாராவது ஒருவர் இந்த ஒரு விஷயத்தை முன்னதாகச் சொல்லியிருந்தால் அவர் இன்றும் குடம் தூக்கிக் கொண்டிருப்பார். மருந்துக் கடையில் நின்ற நானே சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இன்று இவ்வளவு நேரம் பேசினேன். நீங்கள் வீட்டுக்குப் போனதும், முதல் காரியமாக அலமாரியைத் திறந்து, அட்டையைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள்.